கண்காட்சிக்கு இடம் குறிப்பது யார்?

கிளிநொச்சியில் சிறுதொழில் செய்பவர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பதும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதும் என் வேலை. வர்த்தகக் கண்காட்சியில் கடை போட வேண்டும் என்று படிவத்தோடு வருகிறவர்கள் முதலில் கேட்பது கடை வாடகை எவ்வளவு என்று. அடுத்துக் கேட்பது எத்தனை நாள் என்று. கண்காட்சி எந்த ஊரில், எந்த மண்டபத்தில் நடக்கிறது என்பதைப் பற்றி அநேகமாக ஒருவரும் கேட்பதில்லை. அது படிவத்தின் தலைப்பிலேயே அச்சாகியிருக்கும். மேலே இருப்பவர்கள் முடிவெடுத்துவிட்டார்கள், நாங்கள் போக வேண்டியதுதான் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் கண்காட்சியில் ஒருவருக்கு வரும் லாப நட்டத்தைப் பெருமளவு தீர்மானிப்பது அந்த இடம்தான். இன்று உலகம் முழுவதும் அறிந்த ஒரு கணினி நிறுவனம், இடம் பிடிக்கவில்லை என்று சொல்லித் தன் பெயரில் வளர்ந்த கண்காட்சியையே புறக்கணித்தது. அப்பிள் நிறுவனமும் மக்வேர்ல்ட் கண்காட்சியை நடத்திய ஐ.டி.ஜி. நிறுவனமும் 2002இல் முரண்பட்ட அந்தக் கதையை வைத்துக்கொண்டு, கண்காட்சி என்ற தொழில் எப்படி ஓடுகிறது என்பதையும் இடம் ஏன் இவ்வளவு பெரிய சண்டையாகிறது என்பதையும் விளக்கப் பார்க்கிறேன். வன்னியிலிருந்து பொருளை ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் போகிறவர்களுக்கு இது தேவைப்படும் என்று நினைக்கிறேன்.

ஏற்பாட்டாளர் எதை விற்கிறார்?

ஒரு வர்த்தகக் கண்காட்சியில் நான்கு தரப்பு உண்டு. மண்டபத்துக்கோ மைதானத்துக்கோ சொந்தக்காரர் ஒருவர். கொழும்பில் 1973இல் திறக்கப்பட்ட பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபம் போன்ற இடமாக இருக்கலாம், ஒரு மாநகர சபையின் மைதானமாகவும் இருக்கலாம். அந்த இடத்தைச் சில நாட்களுக்கு மொத்தமாக வாடகைக்கு எடுப்பவர் ஏற்பாட்டாளர். அவரிடம் சதுர அடிக் கணக்கில் இடம் வாங்கிக் கடை போடுபவர்கள் கண்காட்சியாளர்கள். கடைசியாக, வந்து பார்க்கிற சனம்.

ஏற்பாட்டாளர் நிலத்தை மொத்தமாக எடுத்துச் சில்லறையாக விற்கிறார் என்று மேலோட்டமாகப் பார்த்தால் தோன்றும். நிலத்துக்காக மட்டும் ஒருவரும் அந்த விலை கொடுக்க மாட்டார். பத்துக்குப் பத்து அடி வெறும் தரைக்கு மூன்று நாளுக்குக் கட்டும் காசில், கிளிநொச்சிச் சந்தைக்குப் பக்கத்தில் நல்ல கடையொன்றை மாதக்கணக்கில் எடுக்கலாம். கட்டுகிற காசு அந்தத் தரைக்கு முன்னால் நடந்து போகப்போகிற சனத்துக்காக. ஏற்பாட்டாளர் கண்காட்சியாளருக்குச் சனத்தைக் காட்டிக் காசு வாங்குகிறார். சனத்துக்குக் கண்காட்சியாளரைக் காட்டி நுழைவுச்சீட்டு விற்கிறார். ஒரு பக்கம் வராவிட்டால் மற்றப் பக்கமும் வராது. இந்த இரண்டு பக்க இழுவையை விளங்கிக்கொண்டால் மீதி எல்லாம் சுலபம்.

இழுக்கிற சக்தி எல்லாக் கடைக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. முறிகண்டியைப் பாருங்கள். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில், அங்கே வீதியோரம் இருக்கிற பிள்ளையார் கோயிலைக் கடந்து வாகனம் ஏதும் நிற்காமல் போகாது. சாரதி இறங்கித் தேங்காய் உடைப்பார், சனம் திருநீறு பூசிக்கொள்ளும், பிறகு கச்சான் கடைப் பக்கம் திரும்பும். நின்றது பிள்ளையாருக்காக, கச்சான் வாங்கியது நின்றதால். போரால் வீதி பூட்டிக் கிடந்த காலத்தில் அந்தக் கடைகள் எதை நம்பி இருந்திருக்கும் என்று யோசித்தால், சனத்தை நிறுத்தும் ஒன்றை அண்டி வாழும் வியாபாரத்தின் பலமும் பலவீனமும் சேர்ந்தே தெரியும். பெரிய கண்காட்சிகளிலும் அப்படி ஒன்றோ இரண்டோ பெரிய நிறுவனம்தான் சனத்தை இழுக்கும். நூற்றுக்கணக்கான சிறிய கடைகள் அந்தச் சனத்தை நம்பிக் காசு கட்டும். அந்தப் பெரிய நிறுவனம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால், தரையின் விலை அன்றே விழுந்துவிடும்.

பொஸ்டனா, நியூயோர்க்கா?

மக்வேர்ல்ட் கண்காட்சி 1985இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியது. அப்பிளின் மக்கின்டொஷ் கணினிக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள், அச்சுப்பொறி விற்கிறவர்கள், உதிரிப்பாகம் செய்கிறவர்கள் எல்லாரும் கூடுகிற இடம் அது. அதை நடத்தியது அப்பிள் அல்ல என்பதைக் கவனியுங்கள். மக்வேர்ல்ட் சஞ்சிகையை வெளியிட்டு வந்த ஐ.டி.ஜி. குழுமத்தின் கண்காட்சிப் பிரிவு அதை நடத்தியது. அப்பிள் அதில் மிகப் பெரிய வாடகைக்காரர், அவ்வளவுதான். ஆனால் தொடக்க நாளில் மேடையேறிப் புதுக் கணினியைக் காட்டப்போவது அப்பிள்தான் என்பதால்தான் சனமும் பத்திரிகையாளரும் வந்தார்கள்.

ஆண்டுக்கு இரண்டு முறை நடந்தது. ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ, கோடையில் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பொஸ்டன். 1997 ஓகஸ்டில் பொஸ்டன் மேடையில்தான் அப்பிளை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஜொப்ஸ், அப்பிளில் அதன் போட்டி நிறுவனமான மைக்ரோசொப்ட் 150 மில்லியன் டொலர் முதலிடுகிறது என்று அறிவித்தார். பின்னாலிருந்த பெரிய திரையில் மைக்ரோசொப்ட் தலைவர் பில் கேட்ஸின் முகம் தோன்ற, கூட்டத்தில் பலர் கூச்சலிட்டு எதிர்ப்புக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே கோடைக் கண்காட்சி பொஸ்டனை விட்டு நியூயோர்க்கின் ஜாவிட்ஸ் மண்டபத்துக்கு மாறியது. 1999இல் கம்பி இல்லாமல் இணையத்தில் சேரும் ஐபுக் மடிக்கணினியும், 2000இல் கண்ணாடிப் பெட்டி போன்ற பவர்மக் கியூபும் அங்கேதான் முதலில் காட்டப்பட்டன. அப்பிளுக்கு நியூயோர்க் வசதியாக அமைந்ததில் வியப்பில்லை. மக்கின்டொஷை அதிகம் வாங்கிய பதிப்பகங்களும் விளம்பர நிறுவனங்களும் வடிவமைப்பாளர்களும் அங்கே இருந்தார்கள். பெரிய பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் அங்கே இருந்தன.

2002 ஒக்டோபரில் ஐ.டி.ஜி. ஓர் அறிவிப்பு விட்டது. 2004இலிருந்து கோடைக் கண்காட்சி மறுபடி பொஸ்டனுக்கே போகும் என்றது. அறிவிப்பு வந்த கையோடு அப்பிள், இந்த முடிவோடு தனக்கு உடன்பாடில்லை, பொஸ்டனுக்கு வரப்போவதில்லை என்று பகிரங்கமாகச் சொல்லிவிட்டது.

இரண்டு நகரத்துக்கும் இடையில் வீதிவழியாக ஏறத்தாழ 350 கிலோமீற்றர். கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்குப் போகிற தூரத்துக்குக் கிட்டவரும். அமெரிக்கத் தூரங்களில் அது பக்கத்து ஊர்தான். அப்படியிருக்க ஏன் இவ்வளவு பெரிய பிளவு?

ஏற்பாட்டாளரின் பக்கம் முதலில். ஐ.டி.ஜி. பொஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட குழுமம். பொஸ்டனில் புதிதாக ஒரு பெரிய மாநாட்டு, கண்காட்சி மண்டபம் எழும்பிக்கொண்டிருந்தது. அது 2004இல் திறக்கப்பட்டது. புது மண்டபத்துக்கு ஆண்டு முழுவதும் நிகழ்ச்சி தேவை. ஒரு கண்காட்சி வந்தால் விடுதி அறை நிரம்பும், சாப்பாட்டுக் கடை ஓடும், வாடகை வண்டி ஓடும், நகரத்துக்கு வரியும் வரும். ஆகவே நகரங்கள் கண்காட்சிகளை வாடகைக் கழிவும் வேறு சலுகைகளும் காட்டி அழைப்பது வழக்கம். நியூயோர்க்கிலோ செலவு கூடிக்கொண்டிருந்தது. ஜாவிட்ஸ் மண்டபத்தில் கடை அமைக்கும் கூலி அதிகம் என்பது கண்காட்சியாளர்களின் நெடுநாள் முறைப்பாடு. சிறிய நிறுவனங்களுக்கு மலிவான இடம் கொடுத்தால் கடைகள் கூடும் என்று ஏற்பாட்டாளர் கணக்குப் போட்டிருந்தால் அதில் நியாயம் உண்டு.

அப்பிளின் பக்கம் வேறு. அதற்குக் கடை வாடகை பெரிய விஷயமே இல்லை. தொடக்க உரைக்குப் புதுப்பொருள் ஒன்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும், அதுவும் ஏற்பாட்டாளர் குறித்த திகதிக்கு. பொறியியலாளர்கள் முடித்தாலும் முடிக்காவிட்டாலும் ஜூலையில் ஒன்று, ஜனவரியில் ஒன்று. இவ்வளவு உழைப்பையும் கொட்டுகிற மேடை, தன் செய்தி அதிகம் பேருக்குப் போய்ச் சேரும் நகரத்தில் இருக்க வேண்டும் என்று அது எதிர்பார்த்தது.

இன்னொன்றையும் கூடவே பார்க்க வேண்டும், எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. 2001 மே மாதத்தில் அப்பிள் தன் முதல் இரண்டு சொந்தக் கடைகளைத் திறந்தது, ஒன்று வர்ஜீனியாவில், மற்றது கலிபோர்னியாவில். 2002 ஜூலையில், நியூயோர்க் கண்காட்சி நடந்த அதே வாரம், நியூயோர்க்கின் சோஹோ பகுதியில் பழைய தபால் நிலையக் கட்டடம் ஒன்றில் பெரிய கடை திறந்தது. சனத்தைத் தானே கூப்பிட்டுக் காட்டும் வழி அதற்குக் கிடைக்கத் தொடங்கிவிட்டது. வேறு வழியில்லாதவர் ஏற்பாட்டாளர் சொல்கிற இடத்துக்குப் போவார். வேறு வழி உள்ளவர் வரமாட்டேன் என்று சொல்லுவார். இடம் பற்றிய பேச்சுவார்த்தையில் ஒருவருடைய குரலுக்கு எவ்வளவு பாரம் என்பதை அந்த வேறு வழிதான் நிர்ணயிக்கிறது.

பிறகு நடந்தது சுருக்கமாக. 2003 ஜூலையில் நியூயோர்க்கில் கடைசித் தடவையாக நடந்த கண்காட்சி பெயர் மாறி, வடிவமைப்பாளர்களுக்கான நிகழ்ச்சியாகச் சுருங்கியது. அங்கே ஜொப்ஸின் உரை இல்லை. அந்த ஆண்டின் பெரிய பொருளான பவர்மக் ஜி5ஐ அப்பிள் அதற்குச் சில வாரம் முந்தி, ஜூனில், தானே நடத்துகிற மென்பொருள் எழுதுநர் மாநாட்டில் காட்டிவிட்டது. 2004இல் பொஸ்டனில் புது மண்டபத்தில் அப்பிள் இல்லாமல் மக்வேர்ல்ட் நடந்தது. 2005இல் அதே நகரத்தில் வேறொரு சிறிய மண்டபத்தில் நடந்தது. 2006இல் நடக்கவேயில்லை. சான் பிரான்சிஸ்கோ மட்டும் எஞ்சியது. 2007 ஜனவரியில் முதல் ஐபோன் அறிமுகமானதும் அந்த மேடையில்தான். ஆனால் 2008 டிசம்பரில், 2009 ஜனவரியோடு அதிலிருந்தும் விலகுவதாக அப்பிள் அறிவித்தது. தன் கடைகளுக்கு வாரமொன்றுக்கு 35 இலட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள் என்பதை அந்த அறிவிப்பிலேயே காரணமாகச் சொன்னது. அப்பிள் இல்லாத கண்காட்சி இன்னும் சில ஆண்டு இழுபட்டு 2014இல் நின்றது.

இதில் அப்பிளுக்கு நட்டமில்லை. ஐ.டி.ஜி. பல தொழில் நடத்துகிற குழுமம், அதுவும் தாங்கிக்கொண்டது. உண்மையில் அடிபட்டவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை அந்தக் கண்காட்சியில் பிடிக்கும் வாடிக்கையாளரை நம்பியிருந்த சிறிய மென்பொருள், உதிரிப்பாக வியாபாரிகள். பொஸ்டன் மலிவு என்று அவர்களை நினைத்து எடுத்த முடிவாகவே இருந்தாலும், மலிவான தரையில் சனம் இல்லாவிட்டால் அதை வைத்து என்ன செய்வது?

இடம் மாற்றிக் கெட்ட கண்காட்சி இது மட்டுமல்ல. அமெரிக்காவின் காணொளி விளையாட்டுக் கண்காட்சியான ஈ3 லொஸ் ஏஞ்சலிஸில் தொடங்கி, 1997இலும் 1998இலும் அட்லாண்டாவுக்குப் போய்த் திரும்பி வந்தது. 2007இல் சாண்டா மொனிக்காவின் விடுதிகளுக்குள் சிதறிப்போய், அடுத்த ஆண்டே பழைய மண்டபத்துக்கு வந்தது. பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விலகிய பிறகு, 2023இல் இனி நடக்காது என்றே அறிவித்துவிட்டார்கள்.

தூரம் எப்படிச் செலவாகிறது

இடம் மாறினால் செலவு எப்படி மாறுகிறது என்பதைக் கடை போடுகிறவரின் பக்கமிருந்து பார்க்க வேண்டும். அமெரிக்காவின் பெரிய மண்டபங்களில் உங்கள் பெட்டியை லொறியிலிருந்து இறக்கி நீங்களே கடைக்குத் தூக்கிப் போகப் பெரும்பாலும் முடியாது. அதற்கென்று அமர்த்தப்பட்ட ஆட்கள் உண்டு. நூறு இறாத்தலுக்கு இவ்வளவு என்று நிறைக் கணக்கில் கட்டணம். மின்சாரம் தனி, தரைவிரிப்புத் தனி, திரும்பிப் போகும்போது பெட்டியை எடுத்துத் தருவதும் தனி. சில நிறுவனங்களுக்குக் கடை வாடகையை விட இந்தச் சில்லறைச் செலவுதான் பெரிது.

எங்கள் பக்கத்தில் அளவு சிறிது, வகை ஒன்றுதான். விசுவமடுவில் மோர்மிளகாய், ஒடியல் மா, மிளகாய்த்தூள், அரிசிமா பொதிசெய்து விற்கிற ஓர் அக்காவுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். கொழும்பில் ஒரு கண்காட்சிக்குப் போய்வந்த பிறகு தன் கொப்பியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். நீலப் பேனாவில் தானே எழுதிய பட்டியல். கடை முற்பணம், மிச்ச வாடகை, வான் போக, வான் வர, சாரதிக்குச் சாப்பாடு, தங்கிய அறை, மின்குமிழுக்கும் பிளக்குக்கும் தனிக் கட்டணம், மேசைக்கு விரிக்கத் துணி, பதாகை அடிக்க, தமிழில் மட்டும் இருந்த பைக்குச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் புது ஒட்டி அடிக்க. அதற்குக் கீழே ஒரு கோடு போட்டு, "ஆலை மூடின நாள்" என்று எழுதிப் பக்கத்தில் வெறுமனே விட்டிருந்தார். அந்த நாட்களில் வீட்டில் அரைக்காமல் போன வேலைக்கு என்ன விலை போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அதை எழுத வேண்டும் என்று தோன்றியதே பெரிய விஷயம், பலர் அதை நட்டமாகவே பார்ப்பதில்லை.

"தம்பி, வாடகையைக் கட்டினா அலுவல் முடிஞ்சுது எண்டெல்லோ நினைச்சன். வானுக்குக் குடுத்த காசுதான் என்னைத் திண்டது" என்றார். கூட்டிப் பார்த்தால் கடை வாடகை மொத்தச் செலவில் பாதிக்கும் குறைவு. மற்றது எல்லாம் தூரத்தின் விலை.

அந்தக் கண்காட்சியில் இன்னொன்றும் நடந்தது. படிவத்தில் குளிரூட்டிய மண்டபம் என்றிருந்தது. இரண்டு கிழமைக்கு முதல் தொலைபேசியில் கூப்பிட்டு, மண்டபம் கிடைக்கவில்லை, பக்கத்து மைதானத்தில் கூடாரம் போடுகிறோம் என்றார்கள். வாடகையில் ஒரு சதமும் குறைக்கவில்லை. மூன்று நாளும் காற்றில் வந்த புழுதி பொலித்தீன் பைகளில் படிந்து, சிவப்பு மிளகாய்த்தூள் மண்ணிறமாகத் தெரிந்தது. அவரும் மகளும் ஈரத்துணியும் கையுமாக ஒவ்வொரு பையாகத் துடைத்துக்கொண்டு நின்றார்களாம். துடைத்த நேரத்தில் கடந்து போன சனத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? சொந்தக் கடை உள்ள பெரிய நிறுவனத்துக்கு, இப்படி மாற்றினால் வரமாட்டேன் என்று சொல்ல வாய் இருந்தது. முற்பணம் கட்டி, வானும் பேசி முடித்த அக்காவுக்கு அது இல்லை. இதைப் பார்த்த பிறகுதான் அப்பிளின் கதையை இங்கே சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

ஓமந்தையும் தாண்டிக்குளமும்

இட முரண்பாடு எங்களுக்குப் புதிதல்ல. வவுனியாவில் அமைக்கவிருந்த பொருளாதார மத்திய நிலையம், அதாவது விளைபொருள் மொத்தச் சந்தை, ஓமந்தையில் வர வேண்டுமா, தாண்டிக்குளத்தில் வர வேண்டுமா என்று 2016இல் நடந்த இழுபறியைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். தாண்டிக்குளம் வவுனியா நகரத்தின் வாசலில் இருக்கிறது. நகரத்து வியாபாரிகளுக்கும் தெற்கிலிருந்து வரும் லொறிகளுக்கும் வசதி. ஓமந்தை அதற்கு வடக்கே ஏ9 வீதியில் தள்ளி இருக்கிறது. முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து மரக்கறி கொண்டுவரும் விவசாயிக்குக் கிட்ட. வாங்குகிறவர் இருக்கிற இடமா, விளைகிற இடமா என்பதுதான் அந்தச் சண்டையின் அடி. ஜாவிட்ஸ் மண்டபத்துக்கும் பொஸ்டனுக்கும் இடையில் நடந்ததும் ஏறத்தாழ அதுவே. அப்பிள் செய்தியும் வாங்குவோரும் இருக்கிற இடத்தைக் கேட்டது, ஏற்பாட்டாளர் செலவு குறைந்த தன் சொந்த நகரத்தைக் கேட்டார்.

முடிவில் இரண்டும் இல்லாமல் வவுனியாவில் மதவுவைத்தகுளத்தில் கட்டினார்கள். கட்டி முடிந்த பிறகும் அது ஆண்டுக்கணக்கில் இயங்காமல் கிடந்தது. எங்கள் விவசாயி தம்புள்ளை மொத்தச் சந்தைக்கே தொடர்ந்து ஏற்றினார். இடம் தெரிவுசெய்வதை அரசியல் பலப்பரீட்சையாக எடுத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் தோற்காமல் ஒரு சமரசம் பிறக்கும், ஆனால் அந்தச் சமரசத்துக்குச் சனம் வர வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை. கட்டடம் கட்டுவதற்கு முதல் விளைவிப்பவரையும் வாங்குபவரையும் ஒரே மேசையில் இருத்திக் கேட்டிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

வடக்கில் இப்போது பெரியது யாழ்ப்பாண சர்வதேச வர்த்தகக் கண்காட்சி. 2010இல் தொடங்கியது, பெரும்பாலும் ஜனவரியில் முற்றவெளி மைதானத்தில் நடக்கும். நல்ல கூட்டம் வரும், எங்கள் ஆட்களும் போகிறார்கள், போகத்தான் வேண்டும். ஆனால் வன்னிக் கண்ணால் அந்தத் திகதியைப் பாருங்கள். ஜனவரி கடைசியில் இங்கே காலபோக அறுவடை தொடங்கிவிடும். அக்கராயனிலும் இரணைமடுவுக்குக் கீழேயும் வயலில் இயந்திரம் இறங்கும் நேரம். நீரிறைக்கும் சூரியசக்திப் பம்பியும் சொட்டுநீர்க் குழாயும் பார்த்து வாங்க வேண்டியவர் வரம்பில் நிற்கிறார். துணுக்காயிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ போகிற குடும்பம், பின்னேரம் கூட்டம் களைகட்டுகிற நேரத்தில் திரும்பும் பஸ்ஸைப் பிடிக்க வெளிக்கிட வேண்டும். இரவு மின்விளக்கு எரியும் வேளையில் கண்காட்சியில் நிற்பவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தார்தான். யாழ்ப்பாணத்தில் நடப்பதைக் குறையாகச் சொல்லவில்லை. இடமும் திகதியும் சேர்ந்துதான் யார் வரலாம், யார் வர முடியாது என்பதைத் தெரிவுசெய்கின்றன என்பதைக் காட்டுவதற்காகச் சொல்கிறேன்.

வன்னிக்குள்ளேயே ஒன்று நடத்தினால் எங்கே? பலர் உடனே கிளிநொச்சி என்பார்கள். அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழினுட்பப் பீடங்கள் இருக்கின்றன. விவசாயக் கருவிக் கண்காட்சிக்கு அதைவிடப் பொருத்தமான அயல் கிடைக்காது. வவுனியாவுக்கு விடுதி வசதி, தெற்கோடு தொடர்பு, 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியா வளாகம் என்று தன் நியாயம் உண்டு. என் சொந்த விருப்பம் மாங்குளம். ஏ9 வீதியும் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கிற இடம் அது. கிளிநொச்சியாருக்கும் முல்லைத்தீவாருக்கும் மல்லாவிப் பக்கத்தாருக்கும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கலாம். பெரிய மண்டபம் இல்லை, உண்மைதான். மாசி கழிந்து அறுவடைக் காசு கையில் இருக்கிற பங்குனியில் மழை பெரிதாக இராது, கூடாரம் தாங்கும். ஆனால் கூடாரம் என்று முதல் நாளே படிவத்தில் எழுத வேண்டும்.

படிவத்தில் பார்க்க வேண்டியவை

அடுத்த முறை கண்காட்சிப் படிவம் கையில் வந்தால் வாடகையைப் பார்க்க முதல், யார் யார் வருவது உறுதி என்று கேளுங்கள். ஏற்பாட்டாளர் அழைத்தவர்களின் பட்டியல் வேறு, காசு கட்டியவர்களின் பட்டியல் வேறு. சனத்தை இழுக்கும் அந்த ஒன்றிரண்டு பெயர் இரண்டாவது பட்டியலில் இருக்கிறதா என்பதே கேள்வி. போன வருடம் கடை போட்டவர் ஒருவரையாவது தேடிப் பிடித்து, பின்னேரம் எத்தனை மணிக்குச் சனம் குறைந்தது என்று கேளுங்கள். வாடகையைத் தவிர்ந்த எல்லாச் செலவையும் ஒரு தாளில் எழுதி, ஆலை மூடும் நாளுக்கும் ஒரு தொகை போடுங்கள். அந்தத் தாளில் வருகிற கூட்டுத்தொகையோடு வாடகையையும் சேர்த்து, உங்கள் பொதி ஒன்றில் வரும் லாபத்தால் பிரித்தால், எத்தனை பொதி விற்றால் கைக்காசு மிஞ்சும் என்று தெரிந்துவிடும். அந்த எண்ணிக்கை நம்ப முடியாததாக இருந்தால் போகாமல் விடலாம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு கடையையும் ஒரு வானையும் பங்குபோட்டால் அதே எண்ணிக்கை சட்டென்று இறங்கும். கொழும்புக்குப் போகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இதுதான்.

பிறகு இடமாற்றம் பற்றிய வரி. பல படிவங்களில் கடைசிப் பக்கத்தில், சிறிய எழுத்தில், இடத்தையும் திகதியையும் மாற்ற ஏற்பாட்டாளருக்கு உரிமை உண்டு என்றிருக்கும். கையெழுத்துப் போட்ட பிறகு அதை எதிர்த்துப் பேச முடியாது. கையெழுத்துக்கு முதல் பேசலாம். விசுவமடு அக்காவின் அடுத்த படிவத்தில் நாங்கள் பேனாவால் ஒரு வரி சேர்த்தோம். மண்டபம் மாறினாலோ திகதி மாறினாலோ ஒரு மாதத்துக்கு முதல் எழுத்தில் அறிவிக்க வேண்டும், விரும்பாவிட்டால் முற்பணம் முழுவதும் திருப்பித் தரப்பட வேண்டும் என்று எழுதினோம். அந்த ஏற்பாட்டாளர் ஒரு மாதத்தை இரண்டு கிழமையாக வெட்டினார், முழு முற்பணத்துக்கு ஒத்துக்கொண்டு பக்கத்தில் சின்னக் கையெழுத்தும் போட்டார். கேட்டால் தருவார்கள் என்று அக்கா நம்பவில்லை. இப்போது விசுவமடுவிலும் தருமபுரத்திலும் அவருக்குத் தெரிந்த மற்றப் பெண்களும் அந்த வரியைத் தங்கள் படிவத்தில் எழுதித் தரச் சொல்லி வருகிறார்கள்.